தவளை டீச்சரின் ஓட்டு

அந்த பாப்டிஸ்ட் கல்லூரி ஆரம்பமானது சபைக் கூடத்தின் பின்னறையில். முதல் வருடம் சேர்ந்தவர்களில் ஒரு பஸ் டிரைவரின் மூத்த மகளும் இருந்தாள். பெரிய கல்லூரிகள் கைவிரித்துவிட்டதால் வந்தவள். அங்கே விலங்கியல் படித்து, வெளியே மேற்படிப்பு முடித்து, அங்கேயே டீச்சராகத் திரும்பினாள். வகுப்புக்கு வேண்டிய தவளைகளைத் தானே பிடித்து வருவாள். அதனால் அவள் தவளை டீச்சர்.

தவளை அறுத்த நாற்றம் ஞாயிறு ஆராதனைவரை தங்கிவிடும். சபை நிர்வாகக் குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“ஜெபம் பண்ற இடத்துல இதென்னம்மா கண்றாவி?”

“கடவுள் படைச்சதைத்தான சார் திறந்து பாக்கறோம். நாத்தம் புடிக்கலேன்னா தனியா ஒரு லேப் கட்டிக் குடுங்க.”

கட்டித்தான் கொடுத்தார்கள். அப்புறம் வகுப்பறைகள், மாடி, பெண்கள் விடுதி என்று வளர்ந்தது. மீன் விற்பவளின் மகள், தையல்காரர் மகன் என்று, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் வராந்தாவில் நின்று கத்திக் கத்திப் படித்தார்கள்.

பிறகு நெடுஞ்சாலையோரம் ஏசி வகுப்புகளும் சொந்த பஸ்களுமாகப் புதுக் கல்லூரிகள் முளைத்தன. இங்கே பெஞ்சுகள் காலியாயின. ஒருநாள் டீ நேரத்தில் தலைவர் ஆசிரியர் அறைக்கு வந்து, இந்த வருடத்தோடு கல்லூரியை மூடுகிறோம் என்றார். பாதிப் படிப்பில் இருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?” என்றாள் டீச்சர்.

“குழு முடிவு பண்ணிடுச்சும்மா.”

“நமக்கு பிஷப்பும் கிடையாது, மேலிடமும் கிடையாது. சபையில கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு. சபையைக் கூட்டுங்க சார்.”

வீட்டில் எலக்ட்ரீஷியன் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “எதுக்கு இப்படி எல்லாரோடவும் மல்லுக்கு நிக்கற?”

“பயமாயிருந்தா நீங்க வீட்லயே இருங்க.”

“அதெப்படி? எனக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல!”

சபை கூடியது. மூட வேண்டாம் என்று தூக்கிய கைகளில் பாதி அவள் வீட்டுக் கைகள். தோற்றுப்போனாள். ஆனால் உட்காரவில்லை.

“சரி, மூடுங்க. ஆனா உள்ள இருக்கற பிள்ளைங்க முடிச்சப்புறம் மூடுங்க. நம்மள நம்பி வந்தவங்கள நடுத்தெருவுல விடுவீங்களா?”

“இது இன்னிக்கு எடுத்துக்கற விஷயம் இல்லம்மா, உக்காருங்க” என்றார் தலைவர்.

பின்வரிசையில் மீன் விற்பவள் எழுந்தாள். சற்றுமுன் மூடச் சொல்லிக் கை தூக்கியவள் அவள். “டீச்சர் கேக்கறது நியாயம்தான? அதையும் ஓட்டுக்கு விடுங்கய்யா. எம்பொண்ணு படிச்ச இடம் அது.”

இந்த முறை கைகள் மளமளவென்று எழுந்தன.

புதுச் சேர்க்கை இல்லாமல் கல்லூரி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடியது. மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போக, அவள் தாவரவியலையும் சேர்த்து எடுத்தாள். லேபைக் கூட்டினாள். எரியாத விளக்குகளைக் கணவர் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்தார். கடைசி மாணவர்களில் தையல்காரரின் பேத்தி மட்டும் ஒரு பாடத்தில் தவறினாள். கல்லூரி மூடியபின் டீச்சரின் சமையலறை மேசையில் படித்து அவளும் தேறினாள்.

கட்டடம் இப்போது மெத்தைக் கிடங்கு. அவ்வழியே போகும்போது, “வருத்தமா இருக்கா?” என்று கணவர் கேட்டார்.

“வருத்தமா? வயிறு எரியுது.”

அந்த எரிச்சலோடுதான் நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்றாள். அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் நின்றதில்லை. தோற்றாள். அடுத்த தேர்தலில் மறுபடி நின்றாள். மீன் விற்பவள் சந்தையிலேயே ஆள் சேர்த்தாள். இம்முறை ஜெயித்துவிட்டாள்.

முதல் கூட்டத்தில் தலைவர் சிரித்துக்கொண்டே ஒரு பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். “டீச்சர், நாங்க பேசறதை எழுதிக்கறீங்களா?”

“வேற யாராச்சும் எழுதட்டும் சார். நான் பேச வந்திருக்கேன்” என்று பேனாவைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அன்று யாரும் எழுந்துபோக முடியவில்லை.