வேதத்தை நம்ப அரைத்தாள் காரணங்கள்

டி.டி.பி. தொழிலில் கண்ணும் இடுப்பும் கெடும் என்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் கெடுவது பொறுமை. கம்ப்யூட்டரும் பிரிண்டருமாகக் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அரை மணி வேலை. போன மாதம் புதுக்கோட்டையில் என் கடைக்கு சாமுவேல் பாஸ்டர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். தலைப்பு, 'வேதத்தை நாங்கள் ஏன் நம்புகிறோம்?' பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிப்பவள் நான். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. வேலைதான் முடிவேனா என்றது.

இடம் போதாது

நோட்டீஸ் அரைத்தாள். பாஸ்டர் எழுதி வந்ததோ நாலு பக்கம். தீர்க்கதரிசிகள் முன்கூட்டிச் சொன்னது பின்னால் நடந்தது, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியும் ஒரே செய்தியாக இருப்பது, பழைய கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாகக் கிடைத்திருப்பது, மண்ணைத் தோண்டினால் அதில் சொன்ன ஊர்கள் வெளியே வருவது என்று போய்க்கொண்டே இருந்தது. எழுத்தைக் குறைத்துக் குறைத்து, மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருக்குமே, அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். "ரெண்டு காரணத்த எடுத்துருவோம் பாஸ்டர், ஒருத்தராலயும் படிக்க முடியாது" என்று கெஞ்சினேன். அவர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"படிக்காட்டியும் பரவாயில்லம்மா. காரணம் நெறைய இருக்குன்னு பாத்த ஒடனே தெரியணும்."

கட்டுமாவடி சாட்சி

மறுநாள் பாஸ்டரின் மச்சான் யாக்கோபு வந்தார். கட்டுமாவடியில் படகு வைத்திருப்பவர். தான் எப்படி விசுவாசத்துக்கு வந்தோம் என்று அவர் சொல்லும் சாட்சி நோட்டீஸின் பின்பக்கம் வரவேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். டீசல் விலையில் ஆரம்பித்தார். ஐஸ் கம்பெனியைத் திட்டினார். நண்டு வியாபாரியோடு போட்ட சண்டைக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, வேதத்த ஏன் நம்புறீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதுல வர்ற ஆண்டவரோட சீஷனுங்களும் மீன்காரனுங்கதான் தங்கச்சி. விடியவிடிய வலை போட்டும் ஒண்ணும் விழலன்னு எழுதிருக்கு. நாங்க இல்லாத மீன இருந்துச்சுன்னு சொல்லுவோமே தவிர, வெறும் வலைய வெளிய சொல்ல மாட்டோம். கட்டுக்கதையா இருந்தா அத எழுதுவாங்களா?"

உள்ளே புகுந்த உகரம்

கடைசி வரியை பாஸ்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்படியே எடுத்துப் போட்டேன். புரூஃப் பார்த்து அவரே சரி என்றார். அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்த பிறகுதான் கண்ணில் பட்டது: 'வேதம் பிழையுற்றது.' பிழையற்றது என்று வரவேண்டியது! அன்று சாயங்காலமே கூட்டம். பாஸ்டருக்கு போன் போட்டேன். சபைப் பெண்கள் ஒயிட்னரோடு வந்து கடைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, 'யு'வின் காலை ஒவ்வொரு நோட்டீஸிலும் மறைத்தார்கள். வேறு வாடிக்கையாளர் உள்ளே வர வழியில்லை. பதற வேண்டிய பாஸ்டரோ டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பிழை நம்ம எழுதுனதுலதாம்மா, அதுல இல்ல. நீங்க ஏன் இப்புடி வேர்க்குறீங்க?"

பிழைக்காதவர்

அன்று வந்தவர்களில் வல்லத்திராக்கோட்டை கிரேஸ் அக்காவும் ஒருத்தி. அடுத்த வாரம் தனியாக வந்தாள். கணவருக்கு நினைவுநாள் அட்டை வேண்டும். பின்பக்கம், தான் வேதத்தை நம்பும் காரணத்தைப் போட வேண்டும். மறுபடியும் காரணமா என்று எனக்குத் தலை வலித்தது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வாசித்தாளாம். அவர் பிழைக்கவில்லை. எரிச்சலில் என் வாய் சும்மா இருக்கவில்லை: "அப்புடி வாசிச்சும் போயிட்டாரேக்கா, இன்னும் எப்படி நம்புறீங்க?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஆண்டவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு அழுதவங்க பேச்சயும் அதுல அழிக்காம வச்சிருக்காங்க. ஆறுதல் சொல்ல வந்த அம்புட்டுப் பேரும் என்னைய அழாதேன்னாங்க. அது மட்டுந்தான் சொல்லல."

இத்தனை காரணங்களையும் என் கையாலேயே அடித்து முடித்தும், 'இதுதாம்மா கடைசித் திருத்தம்' என்று வாடிக்கையாளர் சொல்வதை நம்ப மட்டும் எனக்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.