விலை இறங்குமென்று இருந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ஏழுமலை அண்ணனுக்காக நின்றிருந்தேன். வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட, கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கான கிராபிக்ஸ் கார்டை வாங்க இருவரும் சென்னைக்குக் கிளம்புவதாக இருந்தது. அவருக்குப் பதில் பாபுவின் போன் வந்தது. "அண்ணன் பூட்டாருப்பா. நெஞ்சு வலியாம்." ரயில் வந்து நின்று போனதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் பலருக்கும் அவர் படகுக்காரர். கடலுக்குப் போக முடியாத நாட்களில் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிறவர் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நான், அவர், பழவேற்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பாபு, மூவரிடமும் கம்ப்யூட்டர் உண்டு. உருப்படியான கார்டு ஒன்றுதான், பங்கு போட்டு வாங்கியது. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை வைப்பதைப் பாடு என்பார்கள். அதையே கார்டுக்கும் கொண்டுவந்தவர் அண்ணன். ஆளுக்கு ஒரு மாதம். மாதம் பிறந்தால் கழற்றி, துண்டில் சுற்றி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். இந்த உப்புக்காற்றில் அது இத்தனை காலம் உழைத்ததே பெரிது.

புது ஆட்டங்கள் அதில் திக்கித் திணறின. மாற்றலாம் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் "இரு, எறங்கும்" என்பார். முதலில் கம்ப்யூட்டரில் கிரிப்டோ காயின் தோண்டுகிறவர்கள் கடைகளில் இருந்த கார்டுகளையெல்லாம் வழித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஓய்ந்ததும் விலை கொஞ்சம் இறங்கியது. "இன்னும் எறங்கும்" என்றார். அப்புறம் ஏஐக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் இதே கார்டுதான் வேண்டியிருந்தது. விலை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. "ஏறும்னு கடைக்காரன் சொன்னா அது அவன் யாவாரம். எறங்கும்னு நாம சொன்னா அது நம்ம ஆசை" என்று அவரே சிரிப்பார். ஆனாலும் வாங்க விடமாட்டார். எனக்கு அலுத்தே போயிற்று. போன மாதம்தான் "செரி, போலாம். நமக்கும் வயசாவுதில்ல" என்று சம்மதித்தார்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முந்தின நாள் மத்தியானமே வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கௌரி அண்ணி கெஞ்சியிருக்கிறார். "இரு, எறங்கிடும்னாரு தம்பி. உங்க கார்டுக்குச் சொல்றாப்லயே சொன்னாரு" என்றார் அண்ணி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

காரியம் முடிந்த பிறகு பாபுவும் நானும் போய் வாங்கி வந்தோம். விலை இன்னும் கூடியிருந்தது. பேரம் பேச இருவருக்கும் தெம்பில்லை. நடந்துகொண்டிருந்தது அண்ணனின் மாதம். ஆள் போனால் முறையும் போயிற்று என்று விட மனம் வரவில்லை. நேராக அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினோம். "எனக்கு இதுல இன்னா தெரியும்" என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து அண்ணனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "எப்டி ஓட்றது, காட்டுங்க" என்றார்.

அண்ணனின் பொறுமை எனக்கு வேண்டாம். கார்டுக்கு அவர் வைத்த பாடு முறையை மட்டும் விடமாட்டேன். அடுத்த மாதம் என் முறை. அண்ணியே தானாகக் கழற்றிக் கொடுக்கும்வரை நான் போய்க் கேட்கப்போவதில்லை.