அடுப்படி ஜன்னலும் என் பழைய பைக்கும்

என் பழைய பைக்குக்கு மழைக்காலம் ஒத்துக்கொள்ளாது. எங்கள் ஆரியசாலைச் சந்தில் தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், விற்றுவிட முடிவு செய்தேன். "அந்தச் சனியன் எப்பத்தான் தொலையும்?" என்று திட்டும் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

வாங்க வந்தவர் உதைத்து உதைத்துக் களைத்தார். "சேட்டா, இது ஸ்டார்ட் ஆவுமோ?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சந்தைப் பார்த்திருக்கும் அடுப்படி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சோக்கைப் பாதி இழுங்க. இடப்பக்கம் சாய்ச்சு நிமிர்த்துங்க. அப்புறம் ஒரே உதை, கேட்டோ."

இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அந்த வண்டியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. நானோ இத்தனை வருடமும் தனியாகத்தான் திண்டாடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

வந்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தினமும் காலையில் திறந்திருக்கும் அந்த ஜன்னல் மறுநாள் திறக்கவே இல்லை.