மானுக்குப் போட்ட தட்டைப்பயறு

எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டிய நிலம். கடலைச்செடி கொஞ்சம் தலைகாட்டினால் போதும், மான்கள் இறங்கிவிடும். நடக்கப் பழகிய நாளிலிருந்து மான் விரட்டியவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, மான் வந்து மேய்கிற மாதிரி பயிர் போடு என்றால் எப்படி இருக்கும்?

கூப்பிட்டவர் எங்கள் கம்பெனி முதலாளி; அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் அரபு நாட்டில், அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தேன். கயிற்றில் தொங்கிக் கட்டடக் கண்ணாடி துடைக்கிற வேலை. அர்பாபுக்குப் பாலைவனத்து ஓரம் ஒரு தோட்டம். அதன் வரவேற்பறைக் கண்ணாடிக்கு முன்னால் மான் மேய வேண்டும், குளிர்காலத்தில் வரும் விருந்தாளிகள் சுலைமானி டீ குடித்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. "விவசாயம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கேள்வி முடியும் முன்பே என் கை மேலே போய்விட்டது.

"கஸால் ஆயா, நீ இங்கே. கஸால் மாஃபி, வாபஸ் கேம்ப்" என்றார் அர்பாப். மான் வந்தால் தோட்டம், வராவிட்டால் மறுபடியும் கயிறு.

தோட்டத்தில் சமையல்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன். அவர் வாயைத் திறந்தால் நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பேன். அவ்வளவு ருசி அந்தப் பேச்சு.

விதைக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கிற கொள்ளையும் தட்டைப்பயறையுமே வாங்கி ஊறப்போட்டேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கொள்ளு முளைத்த வேகத்திலேயே கருகிப் போனது. பக்கத்துத் தோட்டத்தில் பார்லி, ஜத், சோள விதைகளைக் கேட்டு வாங்கினேன். பார்லி உப்பைச் சட்டை செய்யவில்லை. ஜத் என்று இங்கே சொல்கிற குதிரைமசால் தீவனம் மெல்லப் பிடித்தது. தட்டைப்பயறு முதலில் சுணங்கியது. எரு போட்டு, சாயங்காலம் மட்டும் தண்ணீர் விட்டதும் தளதளவென்று படர்ந்தது. சூடான காற்றைத் தடுக்கச் சுற்றிலும் சோளத்தை நெருக்கி விதைத்தேன்.

"என்ன தம்பி, மானுக்குக் கலியாணச் சாப்பாடெல்லோ போடுறீர்! எனக்குக் கறி சுண்ட ஒரு பிடி இலை தரமாட்டீரோ?"

"மான் தின்னு மிச்சம் இருந்தா பாக்கலாமுங்ணா."

"மான் திண்ட மிச்சத்தையோ நான் தின்னுறது!"

மான் வரவே இல்லை. காலையில் பார்த்தால் மணலில் குளம்படி இருக்கும். சோளம் வரை வந்து அப்படியே திரும்பியிருக்கும். ஒருநாள் அந்தக் குளம்படி திரும்பிய இடத்தில் நானே குந்திப் பார்த்தேன். சோளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வெட்டவெளியில் வாழ்கிற பிராணி. உள்ளே என்ன பதுங்கியிருக்கிறதோ என்று பயப்படாதா? அன்றைக்கே சோளத்தை அறுத்துத் தள்ளினேன். பக்கத்துத் தோட்டத்து ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

சில நாள் கழித்து ஒரு காலை. உள்ளே அர்பாப் விருந்தாளிகளோடு இருந்தார். நான் குனிந்து, அடைத்துக்கொண்ட சொட்டுநீர்க் குழாயை ஊதிக்கொண்டிருந்தேன். பின்னால் கறுக் கறுக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் தட்டைப்பயற்றில் வாய் வைத்து நிற்கின்றன மான்கள்!

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை, என் வாயும் கையும் செய்தன.

"ஹோய்! ஓடு, ஓடு!" கையில் அகப்பட்ட மண்கட்டியும் பறந்தது.

புழுதிதான் மிச்சம். கண்ணாடிக்குள்ளே கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. "நல்ல வடிவு தம்பி! வெத்திலை வைச்சு அழைச்சுப்போட்டு மண்ணாலை எறியிறீர்."

அர்பாப் வெளியே வந்தார். மனதுக்குள் நான் பெட்டியே கட்டிவிட்டேன். "க்யோன்?" என்று காரணம் கேட்டார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: எங்கள் ஊரில் மான் சாப்பிட்டால் எங்களுக்குச் சாப்பாடு மாஃபி.

அர்பாப் உள்ளே திரும்பி அதை அரபியில் சொன்னார். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அர்பாப் குனிந்து, கடிபட்ட கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"கஸால் ஆயா. கலாஸ், நீ இங்கே" என்றவர், சமையலறையைக் கைகாட்டினார். "கஸால் பாஹர், நீ அந்தர்." மான் வெளியே நிற்கிற நேரம் நான் உள்ளே இருக்க வேண்டுமாம்.

மறுநாளே மான்கள் திரும்பி வந்தன. மண்கட்டியை மறக்கடிக்கிற ருசி போலிருக்கிறது தட்டைப்பயறு. இப்போதெல்லாம் காலையில் அவை மேய்ந்து முடிக்கும்வரை எனக்குச் சமையலறையில் டூட்டி.

"கை சும்மா இருந்தால் எறிவீர், இதை உரியும்" என்று அண்ணன் வெங்காயக் கூடையைத் தள்ளுவார். ஜன்னல் வழியே பார்ப்பேன். இளங்குருத்தாகப் பார்த்து ஒரு மான் கடிக்கும். தொண்டைக்குள் 'ஹோய்' என்று ஒன்று எழும்பும். விழுங்கிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுப்பேன்.