செகண்ட் செலக்‌ஷன்

ஆம்பூர் தோல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செலக்‌ஷன் மேசையில் நின்றவர் என் வீட்டுக்காரர் தானியேல். தோலைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்த இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று பிரித்துப் போட்டுவிடுவார். அந்தத் திமிர் வீடு வரைக்கும் வரும். டூட்டி முடிந்து வந்ததும் அதே விரலால் என் கன்னத்தைத் தடவி, "செகண்ட்" என்பார்.

"ஏன், ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"ஃபர்ஸ்ட்டுன்னா எக்ஸ்போர்ட்டுக்குப் போய்டும் கிறிஸ்டி. செகண்ட்தான் நம்மகிட்டயே இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்த எரிச்சலுக்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன்.

போன பிப்ரவரியில் வேலூரில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சு நன்றாக ஆறிவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மனுஷன் முழுசாக வீடு வந்து சேரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்கு அங்கே நிற்கிறோம் என்று என்னைக் கேட்கிறார். ஜெபம் பண்ணும்போது பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறது. டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன்.

"நெஞ்சைத்தானே திறந்தீங்க, மூளைக்கு இன்னா ஆச்சு?"

"பெரிய ஆபரேஷன்மா. சில பேருக்கு ஞாபகமும் கவனமும் கொஞ்சம் மந்தமாகும். நிறையப் பேருக்குச் சில மாசத்துல சரியாகிடும். பழகின விஷயத்தையே பேசிட்டு இருங்க."

ஐந்து மாதம் பேசிப் பார்த்தேன். நேற்று அவரோடு அதே மேசையில் வேலை பார்க்கும் ஷாஹித், "சும்மா வந்து நில்லுண்ணே" என்று கம்பெனிக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம் கொண்டுவந்து விட்டவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பத்துத் தோல் குடுத்தேங்க்கா. பத்தையும் ஃபர்ஸ்ட்டுல போட்டாரு. ரெண்டுல கத்தி வெட்டு விரல் நுழையிற அளவுக்கு இருந்துச்சு. பேஜார் படாதீங்க, மெதுவா வரட்டும்."

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் என் கன்னத்தைக் காட்டினேன்.

"பாத்துச் சொல்லுங்க."

தடவினார். அதே சொரசொரப்பான விரல். ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஃபர்ஸ்ட்டு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியா கிறிஸ்டி?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் சண்டை போட்டுக் கேட்ட வார்த்தை. அழுகையை அடக்க முடியவில்லை.

"தப்புங்க," என்றேன். "நாளைக்கு இன்னொரு வாட்டி பாருங்க."