காளியண்ணன் கையால் எடைபோட்ட கம்ப்யூட்டர்

காளியண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் அவரை ஒன்றும் அறியாத மனிதர் என்று எண்ணி மன்னித்துவிடக் கூடாது.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர். கீழே தோட்டமும் கிணறும் உண்டு. ஒரு லாரியும் ஓடுகிறது. தை பிறந்ததும் தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி வந்து, எங்கள் மலையில் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே வாடகைக்குப் பிடித்த கடையில் மிளகு வாங்குவார். மலைத்தண்ணீரால் சளி பிடிக்கும் என்று குடிதண்ணீரைக் கீழேயிருந்தே தூக்குவாளியில் கொண்டுவருவார். எங்கள் மிளகால் மட்டும் அவருக்கு ஒருநாளும் சளி பிடித்ததில்லை.

அவருடைய வியாபாரம் முழுவதும் வலது உள்ளங்கையில் இருந்தது. மிளகின் தரத்தைப் பார்க்க ஒரு முறை உண்டு. லிட்டர் படியில் மிளகைத் தலைதட்டி நிரப்பி, அதை எடை போட வேண்டும். ஐந்நூற்றைம்பது கிராம் நின்றால் நல்ல சரக்கு. நானூற்றைம்பதுதான் என்றால் பாதி சொத்தை. காளியண்ணன் படியும் எடுக்க மாட்டார், தராசும் எடுக்க மாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் இரண்டு தடவை குலுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு, "நானூத்தி எம்பது" என்பார். அந்த எண்ணுக்குத்தான் விலை. என் அப்பா பதினெட்டு வருஷமாக அவர் சொன்ன எண்ணுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கை சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. யாரும் ஒருமுறைகூடப் படி வைத்துப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர்தான் 1999 கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கக் கிளம்பினார்.

"சேந்தமங்கலத்துல ரெண்டு பேரு சென்டர் வெச்சுட்டான். மல மேல ஒருத்தனும் வெக்கல" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். "உம்பட புள்ள அதத்தானப்பா படிச்சுது? அனுப்பி உடு. மாசம் ஆயிரத்தி எரநூறு தாரேன்."

நான் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எட்டு மாதத்தில் எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கு ஒரு பதில்கூட வரவில்லை. அம்மா மரவள்ளிக் காட்டுக்கு என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனாள். அந்தக் கூப்பிடாமைதான் தாங்க முடியாததாக இருந்தது. தையில் வேலை அமையாவிட்டால் மாசியில் மாமன் மகனுக்குப் பேசி முடிப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால், காளியண்ணன் கடையில் வேலை என்றதும் சரி என்றேன். அவரை எனக்குப் பிடிக்காது என்பதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

கம்ப்யூட்டர் வாங்கச் சேலம் போனோம். துணைக்கு அப்பாவும் வந்தார். கடைக்காரர் இரண்டு மெஷின் காட்டினார். ஒன்று பெண்டியம் டூ, முன்னூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று செலரான், நானூற்று அறுபத்தாறு. முதலாவது வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட சரக்கு. ஆனாலும் அதற்கு மூவாயிரம் அதிகம் சொன்னார். மற்றதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த இரண்டைப் பற்றியும் எனக்குத் தெரியும். கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் நின்றுகொண்டே படித்திருந்தேன். பெண்டியம் டூவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் நினைவகம் பெரியது, ஆனால் அது பாதி வேகத்தில் ஓடும். செலரானுக்கு அது சின்னது, ஆனால் முழு வேகம். வெளி நினைவகத்துக்குப் போய்வரும் பாதை பெண்டியம் டூவில் அகலம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாணவர்கள் செய்கிற சாதாரண வேலைக்கு இந்த நானூற்று அறுபத்தாறே முந்தும். விலையும் குறைவு. யோசிக்கவே வேண்டியதில்லை.

காளியண்ணன் யோசிக்கவில்லை. "ரெண்டுலயும் அந்த மூளைய மட்டும் கழட்டிக் குடுங்க" என்றார்.

"புராசசருங்களா? எதுக்குங்க?"

"கையில வெச்சுப் பாக்கோணும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். அந்தப் பெண்டியம் டூ ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது. பாட்டு கேசட்டைவிடப் பெரியது. முதுகில் அலுமினியத் துடுப்புகளும் காற்றாடியும். செலரான் ஒரு பிஸ்கட் அளவு. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். காளியண்ணன் ஒன்றை வலது உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினார். அடுத்ததை வைத்துக் குலுக்கினார். கண்ணை மூடினார்.

"இது தக்க" என்றார் செலரானைத் திருப்பிக் கொடுத்து. "சொத்த மொளகு. இதுல உள்ள ஒண்ணுமில்ல. அதுதான் சரக்கு."

ஒரு இயந்திரத்தின் வேகத்தை, சூடு தணிக்கிற அலுமினியத்தை எடை போட்டுக் கண்டுபிடித்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"ஏனுங்க, அந்தக் கனம் வெறும் தகடுங்க. சின்னதுதாங்க வேகம். வெலையும் கம்மிங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை, அப்பாவைப் பார்த்தார். "உம்பட புள்ள பாடம் நடத்த வருதா, யாவாரம் பண்ண வருதா?"

அப்பா என் கையைத் தொட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்; எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு காளியண்ணனிடம் மட்டுமே பேசினார். "சரக்குத் தெரிஞ்ச கைங்க உங்களுது." ஓடாமல் கிடந்த சரக்கு அன்று போயிற்று.

சென்டர் தை மாதம் திறந்தது. மிளகு மூட்டைகளுக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரு சேலைத் திரை. ஒன்பது பேர் சேர்ந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் காளியண்ணன் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொடுத்தது அதிகம். மூட்டை கொண்டுவருகிற ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிவந்து, "கையில வெச்சே எடுத்தேன்" என்பார். கம்ப்யூட்டர் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்க்கவும் சொல்வார். அவர்களும் தூக்கிப் பார்த்து, "ஆமாங்க, நல்ல கனம்" என்பார்கள். நான் எல்லாரையும் வெறுத்தேன். சம்பள நாளில் மட்டும் கொஞ்சம் குறைவாக.

மாசியில், டெலிபோன் பூத் வைத்திருந்த அர்த்தனாரி ஜாதகம் கணித்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். செலரான், நானூற்று அறுபத்தாறு. நல்ல மனிதர், வெடுக்கென்று பேசுவார். காளியண்ணன் பூத்துக்கே போய், "தக்கய வாங்கிட்டு வந்துட்டியாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"தக்கயா இல்லையான்னு சந்தையன்னைக்குப் பாத்துருவமுங்க" என்றார் அர்த்தனாரி. "உங்க டீச்சரம்மாவே ஓட்டட்டும். கை சொன்னது பொய்யின்னா, அன்னைக்கு மொளகப் படி போட்டு வாங்கோணும். சம்மதமுங்களா?"

நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். காளியண்ணனால் மறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கண்ணு, சென்டர் நடக்கறது மொளகுனாலதான். மொளகு நடக்கறது இந்தக் கையினாலதான். கை போச்சுன்னா இங்க டீச்சருக்கு என்ன வேல?"

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டக்கூட இல்லை. வேலை போனால் வீட்டில் கல்யாணத்தை முடிக்கப் பங்குனி முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

சந்தையன்று அர்த்தனாரி தன் மெஷினைத் தூக்கிவந்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தார். கடை நிறைய ஆட்கள், வாசலில் மூட்டைகள், அப்பாவுடையதும் இருந்தது. நான் கல்லூரியில் எழுதிப் பழகிய ஒரு சிறு நிரலை இரண்டிலும் ஏற்றினேன். ஒரு குறிப்பிட்ட எண் வரைக்கும் உள்ள பகா எண்களையெல்லாம் கண்டுபிடிக்கிற கணக்கு. ஏமாற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. எங்கள் மெஷினுக்குச் சின்ன எண்ணைக் கொடுத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கொடுக்கவில்லை. அந்த வேலையின் மேல் எனக்கு அந்த அளவு மரியாதை மிச்சமிருந்தது.

இரண்டு விசையையும் ஒன்றாக அழுத்தினேன். அர்த்தனாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளைச் சத்தமாக எண்ணினார். அவர் மெஷின் நாற்பத்தைந்தில் நின்றது. எங்களுடையது அறுபது வரை ஓடியது.

"பாத்தீங்களா!" என்று அர்த்தனாரி கைதட்டினார். "எடுங்க படிய!"

காளியண்ணன் மெதுவாக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏனப்பா, அடிவாரம் காரவள்ளியில இருந்து லோடு லாரியும் ஏறுது, மொபட்டும் ஏறுது. எது மொதல்ல மேல வரும்?"

"மொபட்டுதானுங்க" என்றது ஒரு குரல்.

"அப்ப உங்க மரவள்ளிய மொபட்டுலயே ஏத்தி அனுப்பலாமா?"

கடை சிரித்தது. "கனம் சொமக்கறது மெதுவாத்தான் வரும்" என்றார் காளியண்ணன். "தக்க முன்னால ஓடும். தண்ணியில போட்டாலும் அதுதான் மொதல்ல மெதக்கும்."

இது தப்பு. எவ்வளவு தப்பு என்று சொல்ல எனக்கு ஒரே வாக்கியம் போதும்: இரண்டும் சுமந்தது ஒரே கணக்கு. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். மீதிப் பாதி என்னைப் பார்த்தது. முன்னால் நின்ற பெருமாயி, எங்கள் ஊர்க்காரி, தன் மூட்டையின் வாயைப் பிடித்தபடி கேட்டாள்:

"ஏங்கண்ணு, நீ படிச்ச புள்ள. அவரு சொல்றது நெசமா?"

அப்பா தரையைப் பார்த்தார். அர்த்தனாரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. காளியண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. மூட்டைக்குள் கையை விட்டுவிட்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

காளியண்ணனைப் பற்றி நான் எழுத நினைத்தது இதுவரைக்கும்தான். அவர் கையை நம்பினார். முட்டாள்தனம், ஆனால் நம்பினார். நான் எதை நம்பி அப்படிச் சொன்னேன்? ஆயிரத்து இருநூறையா? கல்யாணம் தள்ளிப்போகும் என்பதையா? எதுவானாலும், அன்று பெருமாயியின் மிளகு நானூற்று அறுபதுக்குப் போயிற்று. அப்பாவுடையது நானூற்று எழுபது.

நான்கு நாள் கழித்து, காலைப் பஸ்ஸுக்கு அர்த்தனாரி தன் கம்ப்யூட்டர் பெட்டியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். சேலம் கடையில் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு எங்களுடையதைப் போல ஒன்று எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"நான் வெறும் வேகத்தப் பாத்து ஏமாந்துட்டேன் பாரு கண்ணு. நீ சொல்லலீன்னா தெரிஞ்சிருக்காது."

அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏற, நான் பெட்டியைக் கீழேயிருந்து தூக்கிக் கொடுத்தேன். சொல்லுவதற்கு நேரம் இருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அர்த்தனாரி ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர்போல என் பக்கம் குனிந்தார்.

"பெட்டிய மடியில வெச்சுக்குங்க" என்றேன். "வளைவுல உருண்டுரும்."