இடம் விடாத தையல்

உடுப்பு இறுக்குகிறது என்றால் மற்ற டைலர்களுக்குத் திட்டு விழும். அவளுக்கு, இறுக்கவில்லை என்றால்தான் விழும். பஸ் ஓட்டும் கணவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டைத் தாண்டி, நடைபாதை முடியும் இடத்தில் அவளுடைய அறை. ஒரு தையல் மெஷின், கண்ணாடி பதித்த மேஜை, இழுத்தால் நீளும் துணிச் சுருள்கள், டப்பா நிறைய வண்ண நூல்கண்டுகள். வெந்த புண் ஆறி மூடிய பிறகு தழும்பு தடிக்க ஆரம்பிக்கும். சும்மா விட்டால் கயிறுபோல எழும்பி விரலையோ முழங்கையையோ மடக்கி இழுத்துவிடும். அதை எழவிடாமல் அமுக்கிவைக்க, உடம்போடு ஒட்டிய உறை வேண்டும். குளிக்கிற நேரம் போக எந்நேரமும், மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். அதைத் தைப்பதுதான் அவள் வேலை. டாக்டர்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் என்றால் அவள் கழுத்தில் டேப். பிள்ளைகளுக்கு அவள் டேப்பக்கா. கையில் ஊசி வைத்திருந்தும் யாரும் பார்த்து அழாத ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குச் சின்னக் கர்வம் உண்டு.

இங்கே வருமுன் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தாய்மார்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். வளர்ற பிள்ளை, கொஞ்சம் இடம் விட்டுத் தையுங்க. அவளும் மடிப்புக்குள் துணி விட்டுத் தைத்துத் தைத்து, அது கையோடு ஊறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் அவள் தைத்த உறைகளை, பிள்ளைகளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா திருப்பித் திருப்பி அனுப்பினார். இது தொளதொளவென்று இருக்கிறது, இன்னும் பிடியுங்கள். டேப் காட்டும் அளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டும் என்பது மூளைக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. கத்தரிக்குப் புரியத்தான் நாளாயிற்று.

அளவெடுக்கும்போது, எப்படி நடந்தது என்று பெற்றோரிடம் அவள் கேட்பதில்லை. வாசல் காவலாளி முதல் வார்டு ஆயாவரை எல்லோரும் அதைக் கேட்டு முடித்திருப்பார்கள். அவள் கேட்பது வேறு.

“அந்தப் பொருள் இப்போ எங்க இருக்கு?”

பெற்றோர் திருதிருவென்று முழிப்பார்கள். வெந்நீர்ப் பாத்திரம் அதே தரையில் இருக்கும். வாணலியின் கைப்பிடி அடுப்புக்கு வெளியே அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை இங்கே கட்டோடு கிடக்க, சுட்ட பொருள் வீட்டில் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை வரும்போது பெரும்பாலும் அது நகர்ந்திருக்கும்.

மிளகின் அப்பாவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துபோனாள்.

பேச ஆரம்பித்து அதிக நாளாகாத பெண் குழந்தை. ஆள் சிறிசு, வாய் காரம் என்று அப்பா வைத்த பெயர் மிளகு. அவர் ஆண்களுக்குத் தைக்கும் டைலர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கால்சட்டையை இஸ்திரி போட்டு, பெட்டியைத் தரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வந்த ஆளுக்குக் கதவைத் திறக்கத் திரும்பியிருக்கிறார். அதற்குள் பளபளவென்று நின்றதன் மேல் மிளகு வலது உள்ளங்கையை வைத்துவிட்டாள். அவர் துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் கையை ஒரு முக்கு முக்கி எடுத்தார். வந்த ஆள் பற்பசையைப் பூசச் சொன்னார், பூசினார்கள். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டியிருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காது என்று நர்ஸ் பிறகு சொன்னார். பற்பசையைத் துடைத்தெடுக்க வேறு பிள்ளை பட்ட பாடு. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டியது நன்றாகப் பிடித்தது. கையுறைக்காக டேப்பக்காவிடம் அனுப்பினார்கள்.

இரண்டு டைலர்கள் சந்தித்தால் பேச்சு எங்கே போகும்? அவர் மேஜைமேல் வேறொரு பிள்ளைக்குத் தைத்து வைத்திருந்த கையுறையைப் புரட்டிப் பார்த்து, தையலை ஏன் வெளிப்பக்கம் விட்டிருக்கிறாள் என்று கேட்டார். உள்ளே விட்டால் தழும்பை உரசும் என்றாள். விரலிடுக்கில் எப்படி ஊசியைத் திருப்பினாள் என்று கேட்டார். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த விரலிடுக்கை யாரும் கவனித்ததில்லை. பேச்சு நூல், ஊசி என்று ஓடியதில் கேட்க வேண்டியது விட்டுப்போயிற்று. மிளகு மஞ்சள் நூலைத் தேர்ந்தெடுத்தாள். தைத்த கையுறையைப் போட்டதும் வீறிட்டாள். போகப் போகப் பழகிவிடும் என்று டேப்பக்கா சொன்னாள்.

சில வாரம் கழித்து அப்பாவோடு வந்தபோது மிளகின் சுண்டுவிரல் உள்ளே வளைந்திருந்தது. கண்ணாடி மேஜைமேல் கையை விரித்து வைத்தால், விரலுக்கடியில் ஒரு பென்சில் தாராளமாக நுழைந்தது. உள்ளங்கையின் ஓரத்தில் தழும்பு சிவந்து வரப்புபோல எழும்பி நின்றது. டாக்டரம்மா விரலை நிமிர்த்திப் பார்த்தார். இப்படியே போனால் மறுபடி வெட்டித் தோல் வைக்க வேண்டியிருக்கும், அடுத்த முறை பார்த்து முடிவு செய்வோம் என்றார். அளவில் ஏதாவது தப்பு நடந்ததா என்று டேப்பக்காவைப் பார்த்துக் கேட்டுவிட்டு வார்டுக்குப் போனார்.

பழைய புத்தி திரும்பி வந்து தன் கத்தரிதான் ஏமாற்றிவிட்டதோ என்று நினைத்தாள். கையுறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சுண்டுவிரல் ஓரமாக, அவளுடைய மஞ்சள் தையல் இருந்த இடத்துக்கு வெளியே இன்னொரு மஞ்சள் தையல் ஓடியது. உள்ளே, பிரித்த தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. எவ்வளவு நேர்த்தி என்றால், வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பிள்ளையின் அம்மாவாக இருக்க முடியாது. அம்மா பிரித்திருந்தால் இப்படிச் சேர்க்க வந்திருக்காது.

அவள் கதவைச் சாத்தினாள். மிளகிடம் நூல்கண்டு டப்பாவைக் கொடுத்துத் தரையில் உட்காரவைத்தாள்.

“டைலரே, எவ்வளவு விட்டீங்க?”

அவர் கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நூல் அளவுதான், அக்கா. ராத்திரியெல்லாம் அழுதா. நான்தான் சுட்டேன், நானே இறுக்கவும் செய்யணுமா?”

அவளுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் இடத்தில் தான் இருந்தால் ஒரு நூலோடு நிறுத்தியிருப்பாளா என்று யோசித்தாள்.

“துணியில இடம் விட்டா பிள்ளை வளரும். இதுல இடம் விட்டா தழும்புதான் வளரும்.”

அப்போதுதான் அவளுக்கு விட்டுப்போன கேள்வி நினைவுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டாள்.

அன்றைக்கு அப்புறம் அவர் அதைத் தொடவே இல்லையாம். இஸ்திரி போடாமலே துணி கொடுக்கிறாராம். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியதுபோல இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்களாம்.

“சரி, தொடல. எங்க இருக்கு?”

அவர் சொன்னார். அதே இடத்தில். தரையில். ஒயர் ப்ளக்கிலேயே.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்ததுபோல முகம் வெளுத்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார். மிளகு நூல்கண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடது கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

டேப்பக்கா புதிதாக அளவெடுத்தாள், வெட்டினாள். பிறகு மெஷின் முன்னாலிருந்து எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் மறுத்தார். அவள் வற்புறுத்தவில்லை, நாற்காலியும் நகரவில்லை. கடைசியில் உட்கார்ந்தார். மெஷினை மிதித்தார். சுண்டுவிரல் ஓரம் வந்ததும் துணியை அவர் கை தன்னையறியாமல் வெளியே நகர்த்தியது. அவள் ஒற்றை விரலால் உள்ளே தள்ளினாள். மறுபடி நகர்ந்தது, மறுபடி தள்ளினாள். மாட்டிவிட்டபோது மிளகு வழக்கம்போல வீறிட்டாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, உறையின் நுனியைச் சரியாக இழுத்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் டேப்பக்கா, தையல் நெகிழ்ந்திருந்தது, சரி செய்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த முறை அப்பாவும் மகளும் வந்தபோது அவள் கேட்குமுன்பே அவர் சொன்னார். பெட்டி ஆளுயரப் பலகையில் இருக்கிறது, ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியாயிற்று, முன்னறை வாசலில் குட்டிக் கதவு வைத்தாயிற்று. அவர் போட்டிருந்த சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

டாக்டரம்மா வந்து நின்றார். மிளகு கண்ணாடிமேல் கையை விரித்தாள். பென்சில் நுழையவில்லை. டேப்பக்கா ஒரு காகிதத்தைக் கிழித்துச் சுண்டுவிரலடியில் தள்ளிப் பார்த்தாள். நுனி மட்டும் நுழைந்து நின்றது. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், உறையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மிளகு காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இப்போ நீ வை.”

டேப்பக்கா கையை வைத்தாள். கத்தரி பிடித்துப் பிடித்து அவளுடைய சுண்டுவிரல் எப்போதோ வளைந்துபோயிருந்தது. காகிதம் தடையில்லாமல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. மிளகு குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா, இவங்களுக்கு ஒண்ணு தைங்க. டைட்டா.”